மாவாகக் கொடுத்த கூலி

ஸ்கொட்லாந்துச் சாப்பாடு எண்டு தேடினால் முதலில் வந்து நிற்பது ஹாகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை நறுக்கி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு எல்லாம் சேர்த்து இரைப்பைக்குள் அடைத்து அவிக்கிறது. ரொபர்ட் பேர்ன்ஸ் 1786இல் இதைப் புகழ்ந்து கவிதை எழுதினார். அவர் இறந்தபிறகு, 1801இல், அலோவேயில் நண்பர்கள் கூடி அவரை நினைவுகூர்ந்த விருந்திலும் ஹாகிஸ் இருந்தது. இப்போது ஒவ்வொரு ஜனவரி 25 இரவும் பைப் இசையோடு மேசைக்கு வருகிற 'தேசிய உணவு' அதுதான். இதில் ஒரு வேடிக்கை: இதே பெயருள்ள உணவுக்கு 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சமையல் ஏட்டிலேயே செய்முறை இருக்கிறது. ஆங்கிலேயர் மறந்துபோனதை இவர்கள் கொடியாக்கிவிட்டார்கள்!

என்னைக் கேட்டால், அந்த நாட்டின் வரலாறு ஹாகிஸில் இல்லை, ஓட்ஸில் இருக்கிறது. குளிரும் ஈரமுமான மண்ணில் கோதுமை சரியாக வராது, ஓட்ஸ் வரும். இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுகிற தானியம் ஸ்கொட்லாந்தில் மனிதர்களைத் தாங்குகிறது எண்டு சாமுவேல் ஜோன்சன் 1755இல் தன் அகராதியிலேயே நக்கலடித்தார்.

வடகிழக்கில் ஏர் உழுத கூலியாட்களுக்குச் சம்பளத்தின் ஒரு பங்கே ஓட்ஸ் மாதான். கலியாணம் ஆகாத பெடியள் பலர் 'பொத்தி' எனப்பட்ட கொட்டில்களில் ஒன்றாகத் தங்கினார்கள். சமைத்துக் கொடுக்க ஆளில்லை, வேலை முடிந்தால் உடம்பில் தெம்புமில்லை. கோப்பையில் மாவும் உப்பும் போட்டுக் கொதிநீர் ஊற்றிக் கிண்டினால் 'ப்ரோஸ்'. காலையும் அதுதான், இரவும் அதுதான். மலையகத் தோட்டங்களில் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்த கணக்கை அறிந்தவர்களுக்கு இது புதுக்கதையாக இராது. அங்கே துரைமாராக வந்தவர்களில் ஸ்கொட்லாந்துக்காரர் நிறையப் பேர். லூல்கந்துரவில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் ஊரும் அந்த வடகிழக்குத்தான்.

1846இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது. மேட்டுநில மக்களுக்குக் கிழங்குதான் பிரதான உணவு, அது அழுகிப்போனது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வடகிழக்குத் துறைமுகங்களில் தானியம் கப்பலேறியபோது சனம் மறித்து நின்றது. விக் போன்ற ஊர்களுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. பிறகு நிவாரணமும் சும்மா கிடைக்கவில்லை: வீதி போட்டால்தான் மா. வறுமையின் பெயரையே சுமந்த அந்த வீதிகளில் ஒன்று இப்போதும் வாகனம் ஓடுகிற பாதை.

இந்தப் பின்னணியோடுதான் ஓர்க்னித் தீவில் பிறந்த மரியன் மக்னீல் 1929இல் வெளியிட்ட சமையல் நூலைப் பார்க்கவேண்டும். விருந்து மேசைக்கு வராத வீட்டுச் சமையலையும் எழுத்தில் ஏற்றி வைத்தவர் அவர்.

வீட்டில் செய்துபார்க்க ஹாகிஸுக்காக இரைப்பை தேடி அலைய வேண்டாம். ஓட்ஸ் ரொட்டி செய்யுங்கோ. கடையில் வருகிற தட்டையான ஓட்ஸை மிக்ஸியில் கரகரவென்று அரையுங்கள். உப்பு, ஒரு கரண்டி உருக்கின கொழுப்பு, கொஞ்சம் கொதிநீர். சூடு ஆறமுதல் மெல்லிசாகத் தட்டி, நாலாக வெட்டி, தோசைக்கல்லில் மெல்லிய நெருப்பில் காயவிடுங்கள். ஓரம் மேலே சுருளத் தொடங்கினால் பதம் சரி. சீனி போடாதீர்கள்.