காருகுறிச்சி அருணாசலத்தின் கச்சேரி டேப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் பழைய வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஸ்பூல் டேப் கிடைத்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. அது காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரக் கச்சேரியாகக்கூட இருக்கலாம்.

டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் இவர். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே' பாட்டில் எஸ்.ஜானகி குரலோடு வரும் நாதஸ்வரம் இவருடையதுதான். 1921-ல் பிறந்தவர், 1964-லேயே காலமாகிவிட்டார்.

இசைத்தட்டு இருக்கே, டேப் எதுக்கு?

78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். ராக ஆலாபனையை நறுக்கித்தான் அதில் அடைக்கணும். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அவர் நேரம் பார்க்காமல் விரித்து வாசித்ததைக் கேட்க, ரசிகர்கள் பதிந்து வைத்த டேப்தான் வழி. நடுவில் கூட்டத்தின் பேச்சும் கேட்கும். அதுவும் ஒரு சுகம்தான்!

டேப் கிடைத்தால்?

ஆர்வத்தில் பழைய மெஷினில் போட்டு ஓட்டிப் பார்க்காதீங்க. பூஞ்சை பிடித்த நாடா அறுந்துபோகலாம், மேல் பூச்சு உதிரலாம். வெயில், ஈரம், ஸ்பீக்கர் காந்தம் மூன்றுமே ஆகாது. டிஜிட்டலுக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்க. அதற்கு முன், அட்டைப்பெட்டியில் தேதி, ஊர், தவில் வித்வான் பெயர் எழுதியிருந்தால் போட்டோ எடுத்துக்கோங்க.