இலவச ஒலிகளும் அவற்றின் நிபந்தனைகளும்

கணினி விளையாட்டொன்றில் கதவு திறக்கும்போது எழும் கிறீச்சொலி, வாள்கள் மோதும் ஓசை, மழையின் இரைச்சல் போன்றவை பெரும்பாலும் எவரோ ஒருவர் ஒலிவாங்கியுடன் காத்திருந்து பதிவு செய்தவையாகும். பெரிய நிறுவனங்கள் இதற்கெனத் தனியாக ஒலிப்பதிவாளர்களை அமர்த்துகின்றன. தன்னந்தனியாக விளையாட்டை உருவாக்கும் இளைஞரோ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிகளையே நாடுகின்றார். அவரை இடறச் செய்வது ‘இலவசம்’ என்ற சொல்லேயாகும். விலையின்றிக் கிடைப்பது வேறு, நிபந்தனையின்றிக் கிடைப்பது வேறு. தமது ஒலிப்பதிவைப் பிறருடன் பகிர்ந்துகொள்பவர் அதன் மீதான உரிமையைக் கைவிட்டவராக மாட்டார். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு உரிமைகளை வழங்கியுள்ளது.

இத்துறையில் பரவலாக வழங்குபவை, 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பின் உரிமங்களாகும். ஸ்பெயினின் பார்சிலோனா நகரிலுள்ள பொம்பியு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் ஆரம்பித்த ‘ஃப்ரீசவுண்ட்’ என்னும் ஒலிக் களஞ்சியம் இவற்றையே பின்பற்றுகின்றது. அங்கு மூன்று வகை உரிமங்கள் முதன்மையானவை. முதலாவதான ‘சீசீ ஸீரோ’ எந்த நிபந்தனையையும் விதிப்பதில்லை. இரண்டாவது, ஆக்கியோனின் பெயரைக் குறிப்பிடுமாறு கோருகின்றது. மூன்றாவது, பெயர் குறிப்பிடுவதுடன் வர்த்தகப் பயன்பாட்டையும் தடை செய்கின்றது.

பெயர் குறிப்பிடுதல் என்பது பொதுவாக நன்றி கூறுவதன்று. ஒலியின் தலைப்பு, பதிவு செய்தவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர், பெறப்பட்ட இடம், உரிமத்தின் பெயர் ஆகியவற்றை விளையாட்டின் நன்றியுரைப் பக்கத்தில் எழுதுவதே முறையாகும். ஒலியை வெட்டியோ வேகத்தை மாற்றியோ பயன்படுத்தியிருப்பின் அதனையும் தெரிவித்தல் வேண்டும்.

வர்த்தகத் தடையே பலரும் அறியாது சிக்கிக்கொள்ளும் இடமாகும். விளையாட்டை விற்கவில்லை என்பதனால் மட்டும் ஒருவர் இத்தடைக்கு அப்பாற்பட்டவராகி விடுவதில்லை. வர்த்தக அனுகூலத்தையோ பணவருவாயையோ முதன்மை நோக்கமாகக் கொண்ட பயன்பாட்டையே உரிமம் தடுக்கின்றது. இலவசமாக வெளியிட்ட விளையாட்டில் பின்னர் வருமானத்திற்காக விளம்பரங்களைச் சேர்ப்பவர், அன்றே அந்த ஒலிகளை நீக்குவதோ பதிவு செய்தவரிடம் தனி அனுமதி பெறுவதோ பாதுகாப்பானது.

‘அதேமுறையில் பகிர்தல்’ என்ற நிபந்தனை கொண்ட ஒலிகளும் உள்ளன. அசையும் காட்சியுடன் நேரம் பொருந்த இணைக்கப்படும் ஒலி, தழுவலாகவே கொள்ளப்படும் என இவ்வுரிமங்கள் கூறுகின்றன. அத்தழுவலும் அதே உரிமத்தின் கீழேயே வெளியிடப்படல் வேண்டும்.

பழைய கோப்புகளில் மேலும் அவதானம் தேவை. ஃப்ரீசவுண்ட் ஆரம்பத்தில் பயன்படுத்திய ‘சாம்ப்ளிங் பிளஸ்’ உரிமம் விளம்பரங்களில் ஒலியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. கிரியேட்டிவ் கொமன்ஸ் 2011இல் அதனைக் கைவிட்ட போதிலும், முன்னர் அதன் கீழ் பகிரப்பட்டவை தாமாகவே புதிய உரிமத்திற்கு மாறிவிடவில்லை. பிரித்தானியாவின் பிபிசி நிறுவனம் 2018இல் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட ஒலிகளைத் திறந்துவிட்டது. ஆயினும் அது தனிப்பட்ட தேவைக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் மட்டுமேயாகும்.

நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிவுறும். 2013இல் வெளியான 4.0 பதிப்பின்படி, தவறு தெரியவந்து 30 நாட்களுக்குள் அதனைத் திருத்திக்கொள்பவருக்கு உரிமை மீண்டும் கிடைக்கும். முந்திய பதிப்புகளில் இச்சலுகை இல்லை. அத்துடன், ஒலியைப் பதிவேற்றியவரே அதன் உண்மையான உரிமையாளர் என்பதற்கு இவ்வுரிமங்கள் உத்தரவாதம் அளிப்பதில்லை. திரைப்படமொன்றிலிருந்து எடுத்த ஓசையை ஒருவர் தமது ஆக்கமெனப் பதிவேற்றியிருந்தால், அதனைப் பயன்படுத்தியவரும் பொறுப்புக்கூற நேரிடலாம்.

ஆகவே, ஒலியைத் தரவிறக்கும் அன்றே அதன் உரிமப் பக்கத்தின் பிரதியையும் திகதியையும் பதிவு செய்தவரின் பெயரையும் குறித்து வைத்தல் வேண்டும். ஒருமுறை வழங்கிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தை, நிபந்தனைகளைப் பேணி நடப்பவரிடமிருந்து மீளப்பெற முடியாது. எனினும் அப்பக்கம் நாளை மறைந்துவிட்டால், எந்த உரிமத்தின் கீழ் ஒலி பெறப்பட்டது என்பதற்கு இந்தக் குறிப்பே சான்றாகும். பல மாத உழைப்பில் உருவான விளையாட்டு ஒரு கதவின் ஓசைக்காக விற்பனையிலிருந்து அகற்றப்படாமல் இருக்க, இச்சிறு கவனமே போதுமானது.