சவன்னா: ஒரு பெயர், மூன்று கப்பல்கள்

கப்பல் மூழ்கலாம், உடைத்து விற்கப்படலாம். அதன் பெயர் மட்டும் இன்னொரு கப்பலின் முகப்பில் ஏறி மீண்டும் கடலுக்குப் புறப்பட்டுவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் துறைமுக நகரமான சவன்னாவின் பெயரைத் தாங்கிய கப்பல்கள் பல. அவற்றுள் மூன்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. தத்தம் காலத்தின் புதிய ஆற்றலை முதலில் எதிர்கொண்டவை அவை. அதற்கான விலையைக் கொடுத்தவையும் அவையே.

1819 மே 22 அன்று முதல் ‘சவன்னா’ லிவர்பூலை நோக்கிப் புறப்பட்டது. பாய்மரக் கப்பல் ஒன்றில் நீராவிப் பொறியையும், வேண்டும்போது மடக்கிக்கொள்ளத்தக்க துடுப்புச் சக்கரங்களையும் பொருத்தியிருந்தார்கள். நடுக்கடலில் நெருப்பை மூட்டிக்கொண்டு செல்லும் கலத்தை நம்பிப் பயணச்சீட்டு வாங்க ஒருவரும் முன்வரவில்லை. அயர்லாந்துக் கரையருகே அதன் புகையைக் கண்ட காவற்படகு ஒன்று, கப்பல் தீப்பற்றி எரிவதாகவே எண்ணித் துரத்திச் சென்றது. 29 நாள் பயணத்தில் பொறி இயங்கியது ஏறத்தாழ 80 மணி நேரமே. எஞ்சிய தொலைவைக் காற்றே கடத்தியது. எனினும் நீராவியின் துணையோடு அட்லாண்டிக்கைக் கடந்த முதல் கப்பல் என்ற பெருமை அதற்கு வாய்த்தது. வருவாய்தான் வாய்க்கவில்லை. பொறி கழற்றப்பட்டு வெறும் பாய்மரக் கப்பலாக ஓடிய அது, 1821இல் லாங் தீவின் கரையில் மோதி உடைந்தது. முதலீடு செய்தோரில் முதன்மையானவரான வில்லியம் ஸ்கார்பரோ கடனில் மூழ்கினார்.

அடுத்தது, 1938இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த போர்க்கப்பல். 1943 செப்டம்பர் 11 அன்று இத்தாலியின் சலேர்னோவுக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் ஒன்று வானொலி அலைகளால் வழிநடத்திய குண்டு அதன் பீரங்கி மேடையைத் துளைத்து உள்ளே வெடித்தது. 197 பேர் மாண்டனர். இலக்கைத் தேடிச் செல்லும் ஏவுகணைகளின் யுகம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கப்பலோ மூழ்காமல் மால்டாவை அடைந்தது.

மூன்றாவது ‘சவன்னா’, அணுவாற்றலால் இயங்கிய முதல் வணிகக் கப்பல். முதல் கப்பல் புறப்பட்ட அதே மே 22ஆம் நாளில், 1958இல், அதன் அடித்தளம் இடப்பட்டது; போர்க்கப்பலைக் கட்டிய அதே காம்டன் தளத்தில்தான் இதுவும் உருவானது. அணு உலையின் வெப்பம் நீரைக் கொதிக்கவைக்க, அந்த நீராவியே சுழலியை ஓட்டியது. ஆக, இதுவும் ஒரு நீராவிக் கப்பலே! மலிவான எண்ணெயின் காலத்தில் செலவு கட்டுப்படியாகாததால், 1962இல் தொடங்கிய அதன் பணி பத்தாண்டுகளுக்குள் முடிந்துபோனது.

முதல் முயற்சி தோற்றதால் நீராவி தோற்றுவிடவில்லை; அடுத்த இருபதாண்டுகளுக்குள் அட்லாண்டிக்கில் நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடலாயின. அந்தப் பயன் ஸ்கார்பரோவின் கைக்கு வரவில்லை. சவன்னா நகரில் அவர் கட்டிய மாளிகை மட்டும் இன்றும் நிற்கிறது, கப்பல்களுக்கான அருங்காட்சியகமாக.