கள்ளுக்கடையை மூடிய பட்ஜெட்

நாமக்கல் பக்கத்தில் ஒரு சார்நிலைக் கருவூலத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு சொற்கள் என்னைக் குழப்பின. பட்டியல்களில் கணக்குத் தலைப்புக்குப் பக்கத்தில் 'வோட்டட்' அல்லது 'சார்ஜ்டு' என்று குறித்திருக்கும். வாத்தியார் சம்பளம், ஆஸ்பத்திரி மருந்து, ஜீப்புக்கு டீசல் எல்லாமே வோட்டட். சார்ஜ்டு எப்போதாவதுதான் வரும். அரசு எடுத்த நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு தரச் சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தால், அந்தத் தொகை சார்ஜ்டு.

"இங்கே யார் சார் ஓட்டுப் போட்டது?" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "தம்பி, மெட்ராஸ்ல சட்டசபையில 'ஆம்'னு சொன்னாத்தான் இங்க ரூபா வெளிய போவும். அதான் வோட்டட். அவங்க 'இல்லை'ன்னாலும் குடுத்தே ஆகணும்னா, அது சார்ஜ்டு."

இத்தனை எளிதாக அதை எனக்கு வேறு யாரும் சொன்னதில்லை. அந்த 'ஆம்' எப்படி வந்தது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கதையில் நம் பழைய சேலம் மாவட்டத்துக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது.

இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1860இல் கல்கத்தாவில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். வருமான வரி அப்போது வந்ததுதான். அதை வெளிப்படையாக எதிர்த்தவர் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன். தம் எதிர்ப்பைப் பத்திரிகையிலும் வரச் செய்தார். அதற்காகப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். ஆளுநருக்கே அந்தக் கதி என்றால் வரி கட்டுகிறவன் கருத்தை யார் கேட்பார்கள்? 1892 சட்டம் வந்த பிறகு சபையில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம். ஓட்டுப் போட முடியாது. 1909இல் தீர்மானம் கொண்டுவரலாம் என்றார்கள். அப்போதும் ஓட்டு இல்லை.

1919 சட்டம்தான் முதன்முதலில் செலவின் ஒரு பகுதியை ஓட்டுக்கு விட்டது. ராணுவச் செலவு, கடன் வட்டி, ஐ.சி.எஸ். அதிகாரிகளின் சம்பளம் போன்றவை ஓட்டுக்கு வெளியே. மிச்சத்தில் சபை 'இல்லை' என்றாலும் அதை மீறும் அதிகாரம் வைஸ்ராய் கையில் இருந்தது.

அந்த அதிகாரம் என்ன செய்யும் என்பது 1923இல் தெரிந்தது. பட்ஜெட்டில் துண்டு விழுந்ததால் உப்பு வரியை மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக்க அரசு முடிவு செய்தது. டெல்லி மத்திய சட்டசபை அதை ஏற்கவில்லை. வைஸ்ராய் ரீடிங் பிரபு தம் சான்றுரிமையால் வரியை அமலாக்கினார். மறு ஆண்டு மோதிலால் நேரு தலைமையில் சபைக்குள் வந்த சுயராஜ்யக் கட்சியினர் மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு சில மானியக் கோரிக்கைகளைத் தோற்கடித்தார்கள். நிதி மசோதாவையும் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். வைஸ்ராய் மறுபடியும் சான்றளித்தார். ஆனால் உப்பு வரி மட்டும் பழைய ஒன்றேகால் ரூபாய்க்கே இறங்கிவிட்டது.

இதே காலத்தில் நம் பக்கத்தில் இன்னொரு வரியைப் பற்றி ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். அன்றைய சேலம் மாவட்டத்து ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி. 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவிலக்குக்காகவே அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. அவருக்கு உதவியாக அதில் வேலை செய்தவர் கல்கி.

மதுவை ஒழிக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். கணக்குப் புத்தகத்தில்தான் சிக்கல். கள், சாராயக் கடை ஏலத்திலும் வரியிலும் வரும் பணம் மாகாண அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று. கல்விக்கும் ஆஸ்பத்திரிக்கும் செலவானதில் அந்தப் பணமும் சேர்ந்துதான் இருந்தது. கடையை மூடினால் பள்ளிக்கூடத்துக்கு என்ன வழி என்று அதிகாரிகள் கேட்பார்கள்.

1935 சட்டத்தின்படி 1937இல் தேர்தல் நடந்தது. சென்னை சட்டசபையில் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ராஜாஜி ஜூலையில் பிரதமர் ஆனார். மாகாண முதல்வரை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். நிதித் துறையையும் தாமே வைத்துக்கொண்டார். குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் அமைச்சர்களில் ஒருவர். இப்போது பெரும்பாலான செலவுக்கு சபையின் ஓட்டு வேண்டும். அந்த ஓட்டு அவர்கள் கையில் இருந்தது.

அதை வைத்துச் செய்த முதல் பெரிய காரியங்களில் ஒன்று சென்னை மதுவிலக்குச் சட்டம். 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அது அமலுக்கு வந்தது. அன்றைய சேலம் என்றால் இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்தது. மாகாணம் முழுவதையும் ஒரேயடியாக மூடாமல் ஒரு மாவட்டத்தை எடுத்தார். ஒரு மாவட்டத்து வருமானம் போனால் பட்ஜெட் தாங்கும். என்ன நடக்கிறது என்றும் பார்க்கலாம். 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆற்காடும் சேர்ந்தன. மாவட்டம் கூடக் கூட வருமானத்தில் ஓட்டையும் பெரிதானது.

அதை அடைக்க 1939இல் வந்ததுதான் சென்னை பொது விற்பனை வரிச் சட்டம். பொருள் இன்னது என்றில்லாமல் பொதுவாக எல்லா விற்பனைக்கும் ஒரு மாகாணம் வரி போட்டது இந்தியாவில் அதுவே முதல் முறை. ஆண்டு விற்பனை 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் அரை சதவீதம். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கள் குடிக்காதவன் உப்புப் புளி வாங்கும்போது எதற்கு வரி கட்ட வேண்டும் என்று கேட்டால் அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ராஜாஜி ஒளித்து வைத்து எதையும் செய்யவில்லை. இந்த வருமானத்தை விடுகிறேன், அதற்குப் பதில் இந்த வரியைப் போடுகிறேன் என்று இரண்டு பக்கத்தையும் சபையில் வைத்து ஓட்டுக் கேட்டார். பட்ஜெட் என்றால் எனக்கு அதுதான்.

1939 அக்டோபரில், மக்களைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இழுத்ததை எதிர்த்து அமைச்சரவை விலகியது. ஆளுநர் ஆட்சி வந்தது. சபை இல்லை, ஓட்டும் இல்லை. போர்க்காலத்தில் அந்த ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. கள்ளுக்கடைகள் திரும்ப வந்தன. அதற்குப் பதிலாகப் போட்ட விற்பனை வரி மட்டும் போகவில்லை! கேள்வி கேட்க ஆள் இல்லாத கஜானா எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். பிறகு 1948 அக்டோபர் 2 முதல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947இல் சுதந்திரம் வந்தபோதே வைஸ்ராயின் சான்றுரிமை ஒழிந்தது. இப்போது டெல்லியில் நடப்பது இதுதான். நிதியமைச்சர் உரை படித்ததும் பொது விவாதம். அடுத்து ஒவ்வொரு அமைச்சகமாக மானியக் கோரிக்கை மக்களவையின் ஓட்டுக்கு வரும். உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். கொள்கையே தப்பு என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறையைச் சுட்டிக்காட்ட மட்டும் என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். ஒரு வெட்டுத் தீர்மானம் ஜெயித்தாலும் அரசு போய்விட்டதாகவே அர்த்தம். பிறகு பணத்தை எடுக்க ஒதுக்கீட்டு மசோதா, வரிக்கு நிதி மசோதா. இந்த இரண்டையும் மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், நிராகரிக்க முடியாது. ஜனாதிபதி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆகியோரின் சம்பளமும் கடன் வட்டியும் ஓட்டுக்கு வராது. எங்கள் கருவூலத்து 'சார்ஜ்டு' அதுவேதான்.

ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடப்பில்தான் மனம் வருந்துகிறது. விவாதத்துக்கு ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், பேசி முடிக்காத கோரிக்கைகளை எல்லாம் சபாநாயகர் மொத்தமாக ஓட்டுக்கு விடுவார். அதற்குப் பெயர் கில்லட்டின். பெரும்பாலான அமைச்சகங்களின் பணம் ஆண்டுதோறும் இப்படித்தான் நிறைவேறுகிறது. 2018 மார்ச்சில் அமளிக்கு நடுவே ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. 2023 மார்ச்சிலும் விவாதம் இல்லாமலே சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டுக்கான கோரிக்கைகள் நிறைவேறின. ஐந்நூறு ரூபாய் பயணப்படிப் பட்டியலில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் நாங்கள் திருப்பி அனுப்பியவர்கள். இதை டி.வி.யில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கடைசியாக ஒன்று. ராஜாஜி போட்ட விற்பனை வரி வளர்ந்து தமிழ்நாட்டின் முதல் வருமானமாகி, 2007இல் மதிப்புக் கூட்டு வரியாக மாறியது. 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 101ஆவது திருத்தத்தால் 2017 ஜூலை 1 முதல் அதில் பெரும்பகுதி ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்பது இப்போது ஜி.எஸ்.டி. மன்றத்தில் முடிவாகிறது. அங்கே ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு. முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். ஒன்றிய அரசு ஒப்பாமல் எதுவும் நடக்காது. தமிழ்நாட்டின் ஓட்டு பலவற்றில் ஒன்று. மாநிலம் தானே விகிதம் வைத்துக்கொள்ள மிஞ்சிய பெரிய வரிகளில் முக்கியமானவை பெட்ரோல், டீசலும் மதுவும்தான்.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அதுவே நடத்துகிறது. கள்ளுக்கடைக்கு மாற்றாகக் கண்டுபிடித்த வரி டெல்லிக்குப் போயிற்று. கடை மட்டும் நம்மிடமே நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு முதலமைச்சர் மனசார அதை மூட நினைத்தாலும், 1939இல் ராஜாஜி செய்த மாதிரி இன்னொரு வரியைத் தானே போட்டு ஈடுகட்ட அவருக்கு இடம் மிகக் குறைவு. குறை சொல்லும்போது இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

எங்கள் கண்காணிப்பாளர் காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் உரையை எல்லோரும் பார்க்கிறார்கள். வருமான வரி விலக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டு டி.வி.யை அணைத்துவிடுகிறார்கள். நான் மார்ச் வரைக்கும் காத்திருக்கிறேன். 'ஆம்' என்ற சத்தம் அப்போதுதான் கேட்கும். அதற்கு முன்னால் யாராவது நாலு வார்த்தை பேசினார்களா என்று மட்டும் பார்ப்பேன்.