ரிலேயை ஏமாற்றிப் பார்த்த கதை

'புரொடெக்‌ஷன் அண்ட் சுவிட்ச்கியர்' பேப்பரை எப்படியோ பாஸ் பண்ணி வெளியே வந்த நண்பர்களுக்கும், இப்போது அதோடு மல்லுக்கட்டும் தம்பி, தங்கைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1965 நவம்பர் 9, மாலை நேரம். கனடாவில் நயாகரா அருகே உள்ள சர் ஆடம் பெக் மின்நிலையத்திலிருந்து டொரான்டோ பக்கம் போன ஐந்து லைன்களில் ஒன்றை ஒரு ரிலே துண்டித்தது. லைனில் பழுதே கிடையாது. லோடு ஏறியிருந்தது, ரிலேயின் செட்டிங் அதற்குக் குறைவு, அவ்வளவுதான். மற்ற நான்கும் தாங்காமல் சில வினாடிகளில் போயின. நியூயார்க் உட்பட சுமார் 3 கோடி பேர் இருட்டில்! ரிலே கெட்டுப்போகவில்லை, சொன்னதைச் செய்தது.

நிஜப் பழுது என்றால் சீக்கிரம் துண்டிக்கவும் வேண்டும். தாமதித்தால் ஜெனரேட்டர்கள் தாளம் தப்பிவிடும். அதனால் ரிலேக்கள் வேகமாகிக்கொண்டே வந்தன. அவற்றைச் சோதிப்பது எப்படி? கிரிடின் குட்டி நகலாக, அறை நிறைய ஒரு நெட்வொர்க் அனலைசரை எம்.ஐ.டி.யில் 1929-லேயே வைத்திருந்தார்கள். ஆனால் அது காட்டியது அடங்கி நிலைபெற்ற கரண்டை. பழுது விழுந்த முதல் சில மில்லி செகண்டில் கரண்ட் அழகான சைன் வேவாக இருக்காது. டி.சி. ஆஃப்செட் ஏறும், சி.டி. சாச்சுரேட் ஆகும், லைனின் முனைகளில் அலைகள் மோதித் திரும்பும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்டு. கால் சைக்கிளில் முடிவெடுக்கிற ரிலே பார்ப்பது இந்தக் குழப்பத்தைத்தான்.

இங்கேதான் ஹெர்மன் டொம்மெல் வருகிறார். 1969-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் யுக்தி இது: ஒவ்வொரு இண்டக்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் பதில் ஒரு ரெசிஸ்டர், கூடவே ஒரு கரண்ட் சோர்ஸ். சோர்ஸின் அளவு, முந்தைய நொடித்துளியின் கணக்கிலிருந்து வரும். மிச்சமெல்லாம் நாம் போட்ட அதே நோடல் அனாலிசிஸ்! இதிலிருந்து வளர்ந்ததுதான் இ.எம்.டி.பி. என்ற புரோகிராம். சிலபஸில் இதற்கு இரண்டு பக்கமாவது வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு சிக்கல் மிச்சம். கம்ப்யூட்டர் நிதானமாகக் கணக்குப் போடும், நிஜ ரிலே காத்திருக்காது. 'பிரேக்கரைத் திற' என்று ரிலே சொன்னால் மாடலில் அப்போதே திறந்தாக வேண்டும். வின்னிபெக்கில் மனிடோபா ஹெச்.வி.டி.சி. ஆராய்ச்சி மையத்தினர் 1980-களில் இதில் இறங்கி, கணக்கைப் பல பிராசசர்களுக்குப் பங்கு போட்டார்கள். பங்கு போட இயற்கையே வழி வைத்திருக்கிறது. 50 மைக்ரோ செகண்டில் அலை 15 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதைவிட நீளமான லைன் என்றால், அந்த நேரத்துக்குள் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்குத் தெரியாது, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடலாம். இதுவே ஆர்.டி.டி.எஸ். ஆகி, 1994-ல் தனி நிறுவனமும் ஆனது.

ஆம்ப்ளிஃபையர் வழியே இதோடு இணைத்துவிட்டால், லேப் மேஜையில் உட்கார்ந்திருக்கும் ரிலே தான் 400 கிலோவோல்ட் லைனில் இருப்பதாகவே நம்பும். வோல்டேஜ் அலையின் எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும், நூறு தடவை வேண்டுமானாலும் ஷார்ட் சர்க்யூட் பண்ணலாம். நிஜ லைனில் இதற்கு எந்த எஸ்.இ. கையெழுத்துப் போடுவார்?