ஏடும் ஏரியும்

கம்ப்யூட்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு நிலத்துக்குப் போகிறவர்களைப் பற்றி இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறோம். இரவு பகல் தெரியாத குளிர் அறை, முதுகு வலி, கண் எரிச்சல்! போதும் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால், படித்தவனுக்கு மண்ணில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள், காஞ்சிபுரத்துக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகும்போது, தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்று உத்தரமேரூரையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை எல்லோரும் புகழ்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பார்த்த வேலையைத்தான் யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

இரண்டாவது சாசனப்படி, வேட்பாளர் வேதம் கற்றிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். இப்படிப் பொறுக்கி எடுத்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கு. 12 பேர் தோட்ட வாரியத்துக்கு. மீதி 6 பேர் ஏரி வாரியத்துக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தலைமையான சம்வத்சர வாரியத்துக்கு, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களோடு, முன்பு தோட்டத்தையும் ஏரியையும் கவனித்தவர்களையும் தேடி எடுத்தார்கள். மதகையும் கரையையும் பார்த்த அனுபவம் ஏட்டுக் கல்வியோடு சேர்த்து எண்ணப்பட்டது!

அது நிலமுள்ள அந்தணர்களின் சபைதான். உழுதவனுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் குறையை மறைப்பானேன்? ஆயினும், பல்லவர் காலத்து வைரமேக தடாகம் இன்றும் அவ்வூரின் பெரிய ஏரியாக இருக்கிறதென்றால், தலைமுறை தலைமுறையாக அதைத் தம் பொறுப்பாக நினைத்தவர்கள் இருந்ததுதான் காரணம்.

அந்தப் பொறுப்புணர்ச்சியை நம் காலத்திலும் கண்டோம். வேளாண்மைப் பட்டதாரியான நம்மாழ்வார், கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை வேலையை 1969-இல் விட்டு வெளியேறினார். தம் உடம்பைத் தேற்றிக்கொள்வதற்காக அல்ல. அங்கே நடந்த ஆராய்ச்சி ஏழை உழவனுக்கு உதவவில்லை என்ற மனக்குறையால். 2013-இல் மறையும் வரை அவர் ஊர் ஊராக அலைந்து உழவர்களோடு பேசிக்கொண்டே இருந்தார்.

இன்று நகரத்தை விட்டு வருகிறவர்களும் வரட்டும். நல்ல காற்றை அனுபவிக்கட்டும். ஒருவருடைய ஆரோக்கியத்துக்கு வேலி போட்ட இரண்டு ஏக்கர் போதும். அந்த இரண்டு ஏக்கருக்கு வேண்டிய தண்ணீரோ, வேலிக்கு வெளியே, ஊர் ஏரியில் அல்லவா இருக்கிறது?