முதல் அரசியலமைப்புத் திருத்தம் (1951)

குடிமக்கள் உரிமையையும் சட்டத் திருத்தத்தையும் மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களையும் இப்படிப் பங்கிட்டது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோருக்குத் தலா 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர் ஆகிய இரு பிரிவினருக்கும் சேர்த்து 1. இது அடிப்படை உரிமைக்கு முரண் என்று செண்பகம் துரைராசன் என்னும் பெண் வழக்குத் தொடுத்தார். (கல்லூரிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது!) 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்துசெய்தது. தமிழகம் கொந்தளித்தது, ஜூன் 18-இல் முதல் திருத்தத்தின் வழியே, பிற்பட்ட வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கும் 15(4) என்னும் உட்பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்தது. இன்று அரசு மருத்துவக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் மாணவர் சாதிச் சான்றிதழை இணைப்பது இந்த உட்பிரிவின் பலத்தில்தான்.